விலையில்லாப் படத்தின் விலையைக் கொடுப்பவர் யார்?

தெற்குக் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் வட்டாரத்தில் ஒரு சாலைச் சந்திப்பின் பெயர் 'சுலேகா மோர்'. 'சுலேகா' என்றால் நல்ல எழுத்து. மை தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் பெயர் அது. அந்நியத் துணியை மறுத்த கை அந்நிய மையைத் தொட்டு எழுதுவது எப்படி என்ற சுதேசிக் கேள்விக்கு விடையாக, 1934ஆம் ஆண்டு ராஜ்ஷாஹியில் மைத்ரா சகோதரர்கள் தொடங்கிய அந்தத் தொழில் பின்னாளில் ஜாதவ்பூரில் பெரிய ஆலையாக வளர்ந்தது. 1980களின் இறுதியில் அந்த ஆலை மூடப்பட்டது. 2006இல் மீண்டும் திறக்கப்பட்டது. மின்விளக்குகள் தயாரித்த பெங்கால் லாம்ப் ஆலைக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. இன்று அது ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராக மட்டுமே எஞ்சியிருக்கிறது. பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் உஷா ஆலை நின்ற நிலத்தில் சவுத் சிட்டி என்னும் அடுக்குமாடிக் கோபுரங்களும் வணிக வளாகமும் எழுந்துவிட்டன.

ஆலைகள் போனபின் மிஞ்சியவை சிறு வணிகங்கள். பிரிவினையில் வீடிழந்து கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் போராடி அமைத்துக்கொண்ட பிஜய்கர், ஆசாத்கர் போன்ற குடியிருப்புகளின் முன்னறைகளில் இன்று சேலை விற்பனை நடக்கிறது; கேக் தயாராகிறது; தனிப்பயிற்சி வகுப்பு நடக்கிறது. 8பி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைக்காரருக்கும் இப்போது கடைப் பலகை மட்டும் போதாது. இணையதளம் வேண்டும், முகநூல் பக்கம் வேண்டும், பண்டிகைதோறும் புதுப் படம் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த வேலை அருகிலுள்ள டிடிபி நிலையத்துக்கோ, கணினியில் வரைகலை பயின்ற பக்கத்துத் தெரு இளைஞருக்கோ போகும். சின்னம் வரைய ஒரு தொகை, துண்டறிக்கைக்கு ஒரு தொகை, இணையதள முகப்புக்கு ஒரு தொகை என்று பேசி முடிப்பார்கள். இப்போது கடைக்காரர் கைபேசியில் இரண்டு வரி தட்டச்சு செய்கிறார். அரை நிமிடத்தில் நான்கு படங்கள் வருகின்றன. பிடித்ததை எடுத்துக்கொள்கிறார். செலவு ஏதுமில்லை, அல்லது மிகச் சொற்பம்.

இந்தக் காட்சி ஜாதவ்பூருக்கு மட்டும் உரியதன்று. கோவையிலும் சிவகாசியிலும் மதுரையிலும் இதே மாற்றம் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. தொழிலாளி வர்க்க இயக்கம் இதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதே கேள்வி.

கடைக்காரர் குற்றவாளியா?

கடைக்காரரைக் கடிந்துகொள்வது எளிது; பயனோ இல்லை. பணமதிப்பு நீக்கம், சரக்கு மற்றும் சேவை வரி, பொதுமுடக்கம் ஆகிய மூன்று அடிகளையும் அடுத்தடுத்து வாங்கியவர் அவர். பெரும் மின்வணிக நிறுவனங்களின் விலைக்குறைப்போடு போட்டியிட்டு நிற்கிறார். விளம்பரத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சமானால் அது அவருக்குப் பெரிய தொகை. கைக்கு எட்டிய கருவியை அவர் பயன்படுத்துவதில் வியப்பில்லை.

இயந்திரத்தின்மீது சினம் கொள்வதும் பொருளற்றது. இயந்திரம் வேறு, மூலதனம் அதைப் பயன்படுத்தும் முறை வேறு என்று பிரித்தறியத் தொழிலாளர்களுக்குக் காலமும் பட்டறிவும் தேவைப்பட்டன என்று 'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் சுட்டிக்காட்டுகிறார். தறியை உடைத்தவர்களின் வேதனை உண்மையானது; அவர்கள் தாக்கிய இலக்குதான் தவறியது. ஆகவே கேட்க வேண்டியவை வேறு கேள்விகள். படம் உருவாக்கும் இந்த இயந்திரம் எதனால் செய்யப்பட்டது? யாருடைய உழைப்பு அதற்குள் உறைந்திருக்கிறது? அது ஈட்டும் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது?

வேலியடைக்கப்பட்ட பொதுவெளி

படம் உருவாக்கும் செயலிகளில் பெயர்பெற்ற 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' 2022 ஆகஸ்டில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதைப் பயிற்றுவிக்க 'லயன்-5பி' என்ற தரவுத்தொகுப்பின் பகுதிகள் பயன்படுத்தப்பட்டன. இணையமெங்கும் தானியங்கி நிரல்களால் திரட்டிய 585 கோடிப் படங்களின் முகவரிகளும், ஒவ்வொரு படத்தோடும் இணைந்திருந்த எழுத்துக் குறிப்புகளும் கொண்ட பட்டியல் அது. புகைப்படக்காரர், ஓவியர், கேலிச்சித்திரக்காரர், சமையல் படங்களைப் பதிவேற்றிய இல்லத்தரசி என எல்லோருடைய படைப்பும் அதில் அடக்கம். எவரிடமும் ஒப்புதல் கேட்கப்படவில்லை. எவருக்கும் ஊதியம் தரப்படவில்லை.

ஒரு படத்தைப் படிப்படியாகக் குலைத்துப் புள்ளிக் குழப்பமாக்கி, அந்தக் குழப்பத்திலிருந்து மீண்டும் படத்தைத் தேடி எடுக்க இயந்திரத்தைப் பழக்குவதே இதன் தொழில்நுட்பம். கோடிக்கணக்கான முறை இப்படிப் பழகியபின், 'சிவப்புக் கரைபோட்ட வெள்ளைச் சேலை அணிந்த பெண்' என்று எழுதினால், அதற்குப் பொருத்தமான உருவத்தை வெறும் புள்ளிக் குழப்பத்திலிருந்து அது திரட்டிக் கொடுக்கிறது. வியக்கத்தக்க அறிவியல் சாதனைதான். ஆனால் சிவப்புக் கரை எப்படி வளையும், சேலை மடிப்பில் ஒளி எப்படி விழும் என்ற அறிவை இயந்திரம் கண்டுபிடிக்கவில்லை. எண்ணற்ற மனிதர்கள் பார்த்தும் வரைந்தும் படமெடுத்தும் சேர்த்துவைத்த அறிவு அது. சமூகத்தின் பொது அறிவு தனியார் நிறுவனத்தின் சொத்தாக மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்களை வேலியடைத்து நிலப்பிரபுக்கள் கைப்பற்றிய வரலாறு அறிந்தவர்களுக்கு இது புதிய கதையன்று. வேலிக்கல் மட்டும் மாறியிருக்கிறது.

பாதிக்கப்பட்டவர்கள் வாளாவிருக்கவில்லை. 2023 ஜனவரியில் சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்டிஸ் ஆகிய மூன்று அமெரிக்க ஓவியர்கள் ஸ்டெபிலிட்டி ஏஐ, மிட்ஜர்னி உள்ளிட்ட நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தனர். கெட்டி இமேஜஸ் என்னும் பெரும் படக்களஞ்சிய நிறுவனம் லண்டனில் தொடுத்த வழக்கில், 2025 நவம்பரில் வந்த தீர்ப்பு பெருமளவு ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்துக்கே சாதகமாக அமைந்தது. பயிற்சி பிரிட்டன் மண்ணில் நடந்தது என்பதை நிறுவ முடியாததால் அந்த முதன்மைக் குற்றச்சாட்டே விசாரணையின்போது கைவிடப்பட்டது. எல்லை கடந்து ஓடும் மூலதனத்தை ஒரு நாட்டுச் சட்டத்தால் மட்டும் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இது சான்று. மறுபுறம், திருட்டுப் பிரதிகளாகக் கிடைத்த நூல்களைத் தரவிறக்கிய வழக்கில், எழுத்தாளர்களுக்கு 150 கோடி டாலர் வழங்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 செப்டம்பரில் இணங்கியது. கூட்டாக வழக்காடியவர்களுக்கே அந்த இழப்பீடு சாத்தியமாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத கைகள்

படைப்பாளிகளின் உழைப்புக்கு அடியில் இன்னொரு அடுக்கு உழைப்பும் உண்டு. தையல் தொழிலுக்குப் பெயர்பெற்ற மெட்டியாப்ருஸ் கொல்கத்தாவின் மேற்கு விளிம்பில் இருக்கிறது. அங்கே இளம் பெண்கள் கணினித் திரையின்முன் அமர்ந்து, படங்களில் எது சாலை, எது மனிதர், எது மரம் என்று கோடு வரைந்து குறியிடுகிறார்கள். வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போகும் வழியே அரிதாக இருந்த பெண்களுக்கு அந்த வருமானம் உண்மையான விடுதலையின் ஒரு துளி என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் இத்தகைய பணியைச் செய்விக்கும் ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் மாதம் 150 முதல் 200 டாலர் வரை பெறுகிறார்கள். அதே ஊழியர் ஒருவரால் நிறுவனம் 800 முதல் 1,000 டாலர் வரை ஈட்டுகிறது என்று 2019இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு எழுதியது. உபரி மதிப்பு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவின் கழிவுநீரை அள்ளும் பணியும் மனிதர்களுக்கே வாய்த்திருக்கிறது. வன்முறையும் பாலியல் கொடூரமும் நிறைந்த பதிவுகளைப் படித்துக் குறியிட்ட கென்யத் தொழிலாளர்கள் மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவாகவே பெற்றார்கள் என்ற செய்தி 2023 ஜனவரியில் டைம் இதழில் வெளிவந்தபோது உலகம் அதிர்ந்தது. 'தானாக இயங்கும்' இயந்திரம் என்பது விளம்பரச் சொல். அதன் பின்னால் நைரோபியும் மெட்டியாப்ருஸும் இருக்கின்றன.

ஏணியின் முதற்படி

கொல்கத்தா நவீன இந்திய வணிக ஓவியத்தின் தலைநகரங்களுள் ஒன்று. சத்யஜித் ராய் 1943இல் டி.ஜே. கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய் ஊதியத்தில் இளநிலை வரைகலைஞராகச் சேர்ந்தார். பிஸ்கட்டுக்கும் மருந்துக்கும் தேநீருக்கும் விளம்பரம் வரைந்தும், சிக்னெட் பிரஸ் நூல்களுக்கு அட்டை வடிவமைத்தும் பழகிய கைதான் பின்னர் திரைப்படச் சட்டகத்தை வரைந்தது. பெரிய கலைஞர்கள் சிறிய வேலைகளில்தான் உருவாகிறார்கள். துண்டறிக்கை, கடைச் சின்னம், வாழ்த்து அட்டை ஆகியவை வெறும் கூலி வேலைகள் அல்ல, கைப்பழக்கத்தின் பள்ளிக்கூடங்கள். இயந்திரம் முதலில் விழுங்குவது இந்தச் சிறிய வேலைகளைத்தான். பெயர்பெற்ற ஓவியர் எப்படியோ பிழைத்துக்கொள்வார். நேற்றுக் கலைக்கல்லூரியை விட்டு வெளியே வந்த இளைஞருக்கு ஏணியின் முதற்படியே இல்லாமல் போகிறது.

தமிழ்நாடு இதை ஒருமுறை பார்த்திருக்கிறது. சென்னையின் திரைப்பட விளம்பரப் பதாகைகளை வரைந்த ஓவியர்கள் மூங்கில் சாரத்தில் ஏறி நின்று ஐம்பது அடி முகத்தைத் துல்லியமாகத் தீட்டியவர்கள். ஃபிளெக்ஸ் அச்சு வந்த சில ஆண்டுகளில் அந்தத் தொழில் ஏறத்தாழ முற்றிலும் அழிந்தது. தொழில்நுட்பம் மாறியது இயல்பு. அந்த ஓவியர்களுக்கு மறுபயிற்சியோ ஓய்வூதியமோ மாற்றுவேலையோ தர எவரும் முன்வராததுதான் அநீதி. சிலர் சுவருக்கு வெள்ளையடிக்கப் போனார்கள். அவர்கள் சிதறிக் கிடந்ததால் அவர்களுடைய இழப்பு செய்தியாகக்கூட ஆகவில்லை. அந்தப் பிழை மீண்டும் நிகழ அனுமதிக்கலாகாது.

மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்தின் பிங்களா பகுதியில் நயா என்ற சிற்றூரில் வாழும் பட்டுவா ஓவியர்களின் நிலை இன்னும் சிக்கலானது. சுருள்துணியில் கதை வரைந்து, அதைப் பாடியே விளக்கும் மரபு அவர்களுடையது. வங்காளப் பட்டச்சித்திரத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் 'பட்டச்சித்திரப் பாணியில் ஒரு மீன்' என்று தட்டச்சு செய்யும் ஜாதவ்பூர்க் கடைக்காரரை அந்தக் குறியீடு தடுக்காது. பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது. தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் வளர்த்த பாணி எந்தத் தனிமனிதருக்கும் சொந்தமில்லாத காரணத்தாலேயே முதலாளிக்கு இலவசமாகிறது.

பொய் சொல்லும் படம்

இழப்பு கலைஞரோடு நின்றுவிடவில்லை. வணிகருக்கும் வாங்குபவருக்கும் அது போய்ச் சேருகிறது. 'இந்தியர்' என்று மட்டும் கேட்டால், மிட்ஜர்னி பெரும்பாலும் தலைப்பாகையும் தாடியும் கொண்ட முதியவரையே தருகிறது என்று ரெஸ்ட் ஆஃப் வேர்ல்டு இதழ் 2023இல் நடத்திய ஆய்வு காட்டியது. அதே ஆண்டு புளூம்பெர்க் செய்த பகுப்பாய்வில், உயர் ஊதியப் பணிகளுக்கு வெளிர்நிற முகங்களும் குறைந்த ஊதியப் பணிகளுக்குக் கருநிற முகங்களும் வருவதாகத் தெரிந்தது. இணையத்தில் குவிந்துள்ள நிறவெறியும் ஆணாதிக்கமும் அப்படியே படமாகத் திரும்பி வருகின்றன. கடைதோறும் அந்தப் படங்களே மாட்டப்பட்டால், உழைக்கும் மக்கள் தம் சொந்தத் தெருவின் கடைப் பலகையிலேயே அந்நியராவார்கள்.

சேலைக் கடையை எடுத்துக்கொள்ளலாம். கிழக்கு வங்கத்தின் டாங்காயிலிலிருந்து அகதிகளாக வந்த நெசவாளர்கள் நதியா மாவட்டத்தின் ஃபுலியாவில் குடியேறித் தங்கள் தறிகளை மீண்டும் நாட்டினார்கள். ஜாதவ்பூரின் குடியிருப்புகளும் ஃபுலியாவின் தறிகளும் ஒரே பிரிவினைத் துயரின் இரு கிளைகள். எந்தத் தறியிலும் நெய்யப்படாத ஒரு சேலையை இயந்திரம் படமாக்கி, அதைக் 'கைத்தறி' என்று இணையதளத்தில் காட்டினால், வாங்குபவரின் கைக்கு வருவது விசைத்தறித் துணியாக இருக்கலாம். ஏமாந்தவரின் கோபம் முடிவில் உண்மையான கைத்தறியின்மீதே திரும்பும். விற்பனைப் பொருளின் படம் பொய்யாக இருப்பது தவறான விளம்பரம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அதற்கு முதல் முறையே பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. கடைக்காரருக்கு இதை எடுத்துச் சொல்வதும் ஒரு வர்க்க உதவியே.

இன்னொரு பொறியும் இருக்கிறது. இலவசம் என்பது தொடக்கம் மட்டுமே. மிட்ஜர்னியின் சந்தா மாதம் 10 டாலரில் தொடங்குகிறது. பக்கத்துத் தெரு இளைஞரிடம் போய், அங்கிருந்து மீன்சந்தைக்கும் மளிகைக் கடைக்கும் சுழன்ற பணம், இப்போது மாதந்தோறும் வாடகையாகக் கடல் கடந்து போகிறது. வாடகைக் கார் செயலிகள் முதலில் சலுகை தந்து, சந்தை கைக்கு வந்தபின் ஓட்டுநரையும் பயணியையும் ஒருசேரப் பிழிந்த பாதையை எல்லோரும் பார்த்தாயிற்று. இதற்குமேல், முழுக்க இயந்திரம் உருவாக்கிய படத்துக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கிடையாது என்பதை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகமும் நீதிமன்றங்களும் கூறிவிட்டன. இந்தியச் சட்டமோ, கணினி உருவாக்கும் படைப்பின் ஆசிரியர் 'அதை உருவாக்கச் செய்தவர்' என்று 1994 திருத்தத்தில் சொன்னதோடு நிற்கிறது. அந்த வாசகம் இன்றைய இயந்திரங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதன்று. தட்டச்சு செய்து பெற்ற சின்னத்தை எதிர்க்கடைக்காரர் அப்படியே எடுத்துக்கொண்டால், தடுக்க உறுதியான வழி இருக்கிறதா என்பது ஐயமே.

ஒன்றிய அரசின் தீர்வு யாருக்கு?

இந்தப் பின்னணியில், தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை அமைத்த குழு 2025 டிசம்பரில் ஒரு செயல்தாளை வெளியிட்டது. பயிற்சிக்குப் படைப்புகளைப் பயன்படுத்த நிறுவனங்களுக்குக் கட்டாயப் பொது உரிமம் அளிக்கலாம். பதிலுக்கு அவை உரிமத்தொகை செலுத்த வேண்டும். மைய அமைப்பு ஒன்று அதைத் திரட்டிப் பகிர்ந்தளிக்கும் என்பது அதன் சாரம். ஊதியம் தரவேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்றது ஒரு முன்னேற்றம். ஆனால் 'என் படைப்பைத் தர மாட்டேன்' என்று மறுக்கும் உரிமை படைப்பாளிக்கு இந்தத் திட்டத்தில் இல்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திலேயே உள்ளது. அதன் 17ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கூலி கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. பணியில் இருக்கும்போது ஊழியர் செய்த படைப்பு முதலாளிக்கே சொந்தம். ஆகவே உரிமத்தொகை வந்தாலும் அது விளம்பர நிறுவனத்துக்கும் படக்களஞ்சியத்துக்கும் போகும். சின்னங்களையும் துண்டறிக்கைகளையும் வரைந்த ஜாதவ்பூர் இளைஞரிடம் ஒரு காசும் வந்துசேராது. உரிமையாளருக்கு இழப்பீடு, உழைப்பாளிக்கு வெறுங்கை என்ற இந்தக் கட்டமைப்பைத் தட்டிக்கேட்கும் குரல் இடதுசாரிகளிடமிருந்துதான் எழ முடியும்.

சொந்த வீட்டுக் கண்ணாடி

ஜாதவ்பூர் எழுப்பும் கடினமான கேள்வி இனிமேல்தான் வருகிறது. 2024 மார்ச்சில், ஹோலிப் பண்டிகையையொட்டி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மேற்கு வங்க மாநிலக் குழு 'சமதா' என்ற செயற்கை நுண்ணறிவுச் செய்தி வாசிப்பாளரை அறிமுகம் செய்தது. அதே ஆண்டு மே மாதத்தில், உடல்நலம் குன்றியிருந்த புத்ததேவ் பட்டாச்சார்யாவின் உருவத்தையும் குரலையும் இயந்திரத்தால் உருவாக்கிய தேர்தல் காணொளி வெளியாயிற்று. 1987 முதல் 2011 வரை ஜாதவ்பூர்ச் சட்டமன்றத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் அவர். 2024 ஆகஸ்ட் 8 அன்று மறைந்தார். பெருநிறுவன ஊடகங்கள் இடதுசாரிகளுக்கு இடம் தர மறுக்கும் சூழலில், குறைந்த செலவில் மக்களைச் சென்றடைய முயன்றதில் நியாயம் உண்டு. இயந்திர உருவாக்கம் என்பது மறைக்கப்படவும் இல்லை. இருந்தும் விவாதம் முடிந்துவிடவில்லை. ஏனென்றால் அதே வசதி இன்று ஒவ்வொரு கிளையின் கைபேசியிலும் இருக்கிறது. மே நாள் சுவரொட்டியிலும் மாநாட்டு அழைப்பிதழிலும் பளபளப்பான, ஆறு விரல் கொண்ட தொழிலாளர்கள் தோன்றத் தொடங்கிவிட்டார்கள்.

வங்க இடதுசாரி இயக்கத்துக்கு வேறொரு மரபு இருந்தது. 1943 பஞ்சத்தின்போது கட்சியின் ஓவியர் சித்தப்ரசாத் மேதினிப்பூர் மாவட்டத்தில் நடந்தே போய், பட்டினியில் வாடிய மனிதர்களை நேரில் பார்த்து வரைந்தார். வரைந்தவற்றோடு அவர்களுடைய நிலையையும் எழுதிவைத்தார். 'பசித்த வங்கம்' என்று பொருள்படும் தலைப்பில் அந்தப் பதிவு நூலாக வந்தபோது, பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. ஜைனுல் ஆபெதின் கொல்கத்தாத் தெருக்களில் விழுந்து கிடந்தவர்களை மலிவான தாளில் கருமையால் தீட்டினார். சோம்நாத் ஹோர் 1946இல் தேபாகா விவசாயிகளின் நடுவே தங்கி வரைந்தார். பேரரசு அந்தச் சித்திரங்களைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் அவற்றின் அழகு மட்டுமன்று. ஒரு மனிதர் அங்கே இருந்தார், கண்ணால் பார்த்தார் என்ற சாட்சியம் ஒவ்வொரு கோட்டிலும் இருந்தது.

இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பஞ்சப் படங்களைத் தரும். அவற்றில் ஒன்றுகூட எந்தப் பட்டினியையும் பார்த்ததில்லை. போராட்டத்தின் படமே இயந்திரப் படமாகிவிட்டால், நாளை காவல்துறைத் தடியடியின் உண்மையான புகைப்படத்தை வெளியிடும்போதும் 'இதுவும் செயற்கையே' என்று சொல்லி ஆட்சியாளர்கள் தப்பிக்க வழி பிறக்கும். பணபலமும் அதிகாரமும் உள்ளவர்கள் பொய்ப்படத் தொழிலில் எப்போதும் முந்தியே நிற்பார்கள். உழைக்கும் மக்களின் கையிலுள்ள பெரிய ஆயுதம் நம்பகத்தன்மை. சில நூறு ரூபாய்ச் சிக்கனத்துக்காக அதைக் கைநழுவ விடுவது பெரும் இழப்பு.

செய்ய வேண்டியவை

இயந்திரத்தை வேறு விதமாகப் பயன்படுத்த முடியும் என்பதற்கும் ஜாதவ்பூரே சான்று தருகிறது. ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பிரதிகள் மற்றும் ஆவணங்கள் துறை, தாகூரின் 150ஆம் பிறந்தநாளையொட்டி ஒன்றிய அரசின் நிதியில் 'பிசித்ரா' என்ற இணையக் களஞ்சியத்தை உருவாக்கி 2013இல் வெளியிட்டது. ஏறத்தாழ 47,000 கையெழுத்துப் பக்கங்களும் அச்சுப் பதிப்புகளும் அதில் உள்ளன; ஒரே படைப்பின் பல வடிவங்களைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் மென்பொருளும் அங்கேயே எழுதப்பட்டது. பொது நிதி, பொதுப் பயன், அறியப்பட்ட மூலம், பெயர் சொல்லப்பட்ட உழைப்பு ஆகிய நான்கும் அதில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. கணினி அங்கே அறிஞரின் கைக்கருவியாக நின்றது. படம் உருவாக்கும் இயந்திரத்தையும் இதே நான்கு அடித்தளங்களில் பொதுத்துறை கட்டியெழுப்ப முடியாது என்று எவரும் சொல்ல இயலாது.

அதற்கான பாதையில் உடனடிக் கோரிக்கைகள் உண்டு. படைப்பாளியின் முன் ஒப்புதலின்றிப் பயிற்சிக்குப் படைப்புகளை எடுக்கக் கூடாது. உரிமத்தொகையில் உரிமையாளருக்கு மட்டுமன்றி, உண்மையில் வரைந்தவருக்கும் பறிக்கவியலாத பங்கு சட்டத்தால் உறுதிசெய்யப்பட வேண்டும். தரவுக் குறியிடும் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் சங்கம் வைக்கும் உரிமையும் வேண்டும். வணிக விளம்பரங்களில் இயந்திரப் படத்துக்கு அடையாளக் குறி கட்டாயமாக்கப்பட வேண்டும். அத்தகைய குறியின் தேவையை ஒன்றிய அரசின் 2025 அக்டோபர் வரைவு விதிகளே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் அமைப்புசாராத் தொழிலாளர்களின் நலவாரியங்களுக்கு வழிவகுத்தது. டிடிபி நிலைய ஊழியரும் தனித்து உழைக்கும் வரைகலைஞரும் ஒரு நலவாரியத்தின் குடைக்கீழ் வர வேண்டும் என்ற கோரிக்கை அந்த மரபின் இயல்பான தொடர்ச்சியே.

கோரிக்கைகள் தாமாக வெல்லா. 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபின்னரே, இயந்திரத்தை எழுத்தாளராகக் கருத முடியாது என்ற விதி அவர்களுடைய ஒப்பந்தத்தில் ஏறியது. அவர்களுக்குச் சங்கம் இருந்தது. இந்திய நகரங்களின் வரைகலைஞர்கள் தனித்தனி அறைகளில், தனித்தனிக் கணினிகளின்முன், ஒருவரையொருவர் அறியாமல் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்ச் சங்கமாக்குவது தொழிற்சங்க அரங்கின் புதிய கடமை. பஞ்சாலைத் தொழிலாளியை ஆலை வாசலில் சந்திக்க முடிந்தது. இவர்களைச் சந்திக்க அச்சகத் தெருவுக்கும் கலைக்கல்லூரி வாயிலுக்கும் போக வேண்டும்.

முதல் அடியைக் கட்சிக் கிளையிலேயே வைக்கலாம். அடுத்த மாநாட்டுச் சுவரொட்டிக்கு ஊரிலுள்ள ஓர் ஓவியரை அழைத்து, நியாயமான கூலி கொடுத்து, அவர் பெயரையும் கீழே அச்சிடுவது பெரிய செலவாகாது. சிறு வணிகராக இருக்கும் தோழர், கடையின் சின்னத்தையாவது ஒரு மனிதக் கையிடம் ஒப்படைக்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வரைந்தவரின் உரிமையை மதிக்கலாம். போராட்டக் களத்தின் படம் களத்திலிருந்தே வரவேண்டும் என்பதைக் கிளையின் எழுதப்பட்ட முடிவாகவே ஆக்கலாம்.

ஜாதவ்பூரின் குடியிருப்புச் சுவர்களில் தேர்தல்தோறும் தோழர்கள் ஏணி போட்டு, தூரிகை பிடித்து எழுதிய எழுத்துகளை அந்தப் பகுதி மக்கள் அறிவார்கள். எந்தத் தெருவில் எந்தத் தோழர் எழுதினார் என்பதைக் கோட்டின் வளைவை வைத்தே சொல்லக்கூடியவர்கள் அங்கே உண்டு. சுதேசி மை ஒருகாலத்தில் எழுப்பிய கேள்வி இன்னும் காலாவதியாகவில்லை: எழுதும் கருவி யாருடையது, எழுதுபவருக்கு என்ன கிடைக்கிறது? அந்தக் கேள்வியைக் கைபேசித் திரையின் முன்னும் விடாமல் கேட்பதே இன்றைய பணி.